பக்கத்து வீட்டில் விட்டுப்போன பிள்ளை

பால்வாடியை மூடப்போகிறார்கள் என்று டீச்சர் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து மகளை அழைத்துப்போக வந்திருந்தேன். சத்துமாவுப் பொட்டலம் ஒன்றையும் பையில் கொஞ்சம் முட்டையையும் கொடுத்து, "ரெண்டு வாரம் லீவு வுட்டிருக்காங்க. வூட்லயே வெச்சிப் பாத்துக்குங்க" என்றார் டீச்சர். மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. பையை நான்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்து, வழியிலேயே ஒரு முட்டையை உடைத்தாள். அதற்குத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரத்தை எப்படி ஓட்டுவது என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

நான் கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கும் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்த்தேன். ஊர் ஊராகச் சங்கங்களிலிருந்து வேனில் பால் கேன்கள் வரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கணவர் லாரி டிரைவர். குடோனிலிருந்து ரேஷன் அரிசியை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போவார். வெள்ளிமலையிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் இறக்கிவிட்டுத் திரும்புவார். சில நாள் இறக்குவதற்கு ஆள் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிடுவார். நாங்கள் இருவரும் கிளம்பினால் பிள்ளைக்குப் பால்வாடிதான். டீச்சர் சோறு ஊட்டி, தூங்கவைத்து, முகம் கழுவிப் பொட்டு வைத்து என்னிடம் கொடுப்பார். அந்த ஒரு அறைக் கட்டடத்தை நம்பித்தான் எங்கள் வீடு நடந்தது என்று அது மூடிய பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் ஊரடங்கு வந்தது. யாரும் வெளியே வராதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊரடங்கு என்று பசுவின் மடி வற்றிவிடவில்லை. மலையில் இருப்பவர்களுக்கும் அரிசி வேண்டும். எங்கள் இருவருக்கும் பாஸ் கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனோம். பிள்ளையை என்ன செய்வது என்று பாஸ் கொடுத்தவர்கள் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

என் அம்மா மணலூர்பேட்டையில் இருந்தார். அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்த நேரம். வெளியாள் மூச்சே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் நாலு ஊர் ஆட்களோடு பழகும் என் வீட்டிலிருந்து பிள்ளையை அங்கே அனுப்ப முடியாது. மாமியார் காலமாகிச் சில வருடம் ஆகியிருந்தது.

முதலில் கணவர்தான், "நான் இட்டுக்கினு போறேன்" என்றார். லாரியில் அவர் பக்கத்தில் பழைய போர்வையை மடித்துப்போட்டு உட்காரவைத்தோம். மலைப்பாதையில் வளைவு தொடங்கியதும் பிள்ளை வாந்தி எடுக்கத் தொடங்கியது. வெள்ளிமலை போய்ச் சேருவதற்குள் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் துவண்டுவிட்டது. வழியில் ஒரு குடும்பம் நடந்து ஏறிக்கொண்டிருந்ததாம். கேரளாவில் மிளகு பறிக்கப் போய், வேலை நின்று, எப்படியோ அடிவாரம் வரை வந்துவிட்ட மலை ஆட்கள். கணவர் வண்டியை நிறுத்தி அவர்களை ஏற்றிக்கொண்டார். அந்தப் பெண் தன் பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு என் பிள்ளையை மடியில் போட்டு, முந்தானையால் வாயைத் துடைத்து, மேலே போகும்வரை தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாளாம். இதைக் கணவர் என்னிடம் சொன்னபோது முதலில் எனக்கு வந்தது பயம். ஒருவரை ஒருவர் தொட யோசித்த காலம் அது. நல்லவேளை அவள் இருந்தாள் என்ற நினைப்பு கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. "இனிமே இத கூட்டிக்கினு போவ முடியாது. செத்துப் போயிடும்" என்றார் கணவர்.

பிறகு நான் என்னோடு அழைத்துப்போனேன். வாட்ச்மேன் அறையில் ஒரு சாக்கு விரித்து, பொம்மையும் பிஸ்கட்டும் கொடுத்து உட்காரவைப்பேன். கொஞ்ச நேரம் இருப்பாள், பிறகு என்னைத் தேடி உள்ளே வந்துவிடுவாள். குளிரூட்டும் நிலையத்துத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். ஒரு நாள் காலி கேன்களுக்கு நடுவே ஓடி வந்து வழுக்கி விழுந்தாள். கேன் விளிம்பு பட்டுத் தாடை கிழிந்தது. கையில் பால் எடுத்த சோதனைக் குழாயோடு நின்றுகொண்டிருந்த நான் அதை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. தையல் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"கொழந்தைய வெச்சிக்கினு இங்க வேல செய்ய முடியாதும்மா. இன்னொரு வாட்டி ஏதாவது ஆச்சின்னா நானும் பதில் சொல்லணும், நீயும் பதில் சொல்லணும். யாரையாவது பாத்து வுட்டுட்டு வா."

யாரைப் பார்ப்பது என்று அவரும் சொல்லவில்லை.

நாங்கள் குடியிருந்தது ஒரே சுவரை ஒட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று. மாடியில் வீட்டுக்கார அம்மாவும் அவர் கணவரும். பக்கத்து வீட்டில் ஒரு கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு வழியாகத் திருவண்ணாமலை போகும் தனியார் பஸ்ஸில் பல வருடமாக இருந்தவர். கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப்போனவர். அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் அவரை அண்ணன் என்றும் அந்த அம்மாவை அக்கா என்றும் கூப்பிடுவேன். என் மகளுக்கு அவர்கள் மாமா, அத்தை. அதற்கு முன் பழக்கம் என்றால், அக்கா ஓய்வு நாளில் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு தலை பின்னிவிடுவார். அண்ணன் வீட்டில் இருக்கும் நேரமே கம்மி.

பஸ் நின்ற பிறகு அவர் நாள் முழுதும் வீட்டில் இருந்தார். உட்காரத் தெரியாத மனிதர். வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். மகளின் தாடையில் கட்டைப் பார்த்ததும், "இன்னாம்மா இது?" என்று கேட்டார். நான் சொன்னேன்.

"என்கிட்ட வுட்டுட்டுப் போங்க. நான் சும்மாதான கீறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். பெண் பிள்ளை. ஒரு ஆண்பிள்ளை தனியாக இருக்கும் வீடு. எத்தனை வருடப் பழக்கம் என்றாலும் ஒரு தாய்க்கு அந்த யோசனை வரத்தான் செய்யும். கணவரும் அதையேதான் நினைத்தார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா குடத்தோடு குழாயடிக்கு வந்தார். சுற்றிவளைக்காமல் பேசினார்.

"நீ இன்னா யோசிக்கிறன்னு எனக்குத் தெரியும். நானும் பொம்பளதான். கதவு ரெண்டும் தொறந்தே இருக்கும். வூட்டுக்காரம்மா மேல இருந்து பாத்துக்கினே இருப்பாங்க, அவங்க கண்ணுல படாம இந்த வாசல்ல ஈ பறக்காது. குளிப்பாட்டுறது, துணி மாத்துறது எல்லாம் நீ காலையிலயே முடிச்சிடு. அவரு சோறு ஊட்டட்டும், வெளையாட்டு காட்டட்டும். நாலு நாளு பாரு. மனசு ஒப்பலன்னா வுட்டுடு. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அவர் அப்படி வெளிப்படையாகச் சொன்னதில்தான் என் மனசு ஒப்பியது. அன்றைக்கே விட்டுவிட்டுப் போனேன். மதியம் வரை நான் எடுத்த அளவுகளை எல்லாம் இரண்டாம் முறை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாலை வந்தபோது மகள் வாசலில் பழைய பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பின்னால் நின்றுகொண்டு, "சங்கராபுரம் எறங்கு, சங்கராபுரம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். மகள் இறங்க மாட்டேன் என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

சோறு ஊட்டுவதில் அவர் முதலில் திணறினார். பிள்ளை வாயை மூடிக்கொண்டால், ஒரு பயணியிடம் பேசுவதுபோல, "வழிய வுடு, உள்ள போவட்டும்" என்பார். சத்துமாவை வெல்லம் போட்டுக் கிண்டி உருண்டை பிடிக்க யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். தலை சீவிவிடுவது மட்டும் கடைசிவரை வரவில்லை. மகள் மாலையில் ஒரு பக்கம் உயர்ந்த குடுமியோடுதான் இருப்பாள். நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் தோளில் போட்டு நடந்தால் தூங்கிவிடுவாள். மூங்கில்துறைப்பட்டு என்று முழுசாகச் சொல்லும் மூன்று வயதுப் பிள்ளை எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் நேரே வீட்டுக்குள் போகமாட்டார். பின்பக்கக் குழாயில் குளித்து, துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் பிள்ளை பக்கமே வருவார். அப்படிச் சில வாரம் போனது.

மே மாதத்தில் சென்னைக் காய்கறி மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள் லாரியிலும் இரு சக்கர வண்டியிலும் ஊருக்குத் திரும்பினார்கள். அதோடு எங்கள் பக்கமும் நோய் ஏறியது. தெருக்களின் வாயில் தகரம் அடித்து அடைத்தார்கள். அக்காவுக்குக் கொரோனா வார்டில் வேலை போட்டார்கள்.

அந்தச் செய்தி எப்படியோ மாடிக்கும் போய்விட்டது. வீட்டுக்கார அம்மாவின் கணவர் இதய நோயாளி. அந்த அம்மா மாடிப்படியில் நின்றபடியே அக்காவிடம் பேசினார். "உன் மேல எனக்கு இன்னா கோவமா? எங்க வூட்டுக்காருக்கு ஏதாவது ஆச்சின்னா நான் யாரக் கேக்குறது? வேற எடம் ஏதாவது பாத்துக்க முடியுமான்னு பாரும்மா." அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

நான் அவர் கையிலிருந்த பையைப் பார்த்தேன். ஏற்கனவே துணி எடுத்து வைத்துவிட்டார். வார்டில் வேலை செய்கிறவர்கள் தங்க ஒரு கல்யாண மண்டபத்தை ஒதுக்கியிருந்தார்கள். விருப்பப்பட்டவர்கள் தங்கலாம், வீட்டுக்குப் போகிறவர்கள் போகலாம்.

"அவங்க சொன்னாங்கன்னு போறீங்களாக்கா?"

"அவங்க இப்பதான சொன்னாங்க. நான் காலையிலயே பேரு குடுத்துட்டேன். நான் வந்து போய்க்கினு இருந்தா பாப்பா இங்க வர முடியுமா? அப்பறம் நீ அத எங்க கொண்டு போய் வுடுவ? மறுபடியும் அந்த கேன்காரங்ககிட்டயா?"

"நான் லீவு போட்டுடறேன்க்கா. உங்க வூட்ட வுட்டு நீங்க எதுக்குப் போவணும்?"

"லீவு போட்டா வேல இருக்குமா உனக்கு?" என்றார். நானும் ஒப்பந்தம்தான். "அவரும் தனியா கெடந்து இன்னா பண்ணுவாரு? பாப்பா இருந்தா சோறாவது ஆக்கித் தின்னுவாரு. ஒரு மாசம்தான். வந்துடுவேன்."

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அவர் வருவார். சாலைக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர் கம்பத்தை ஒட்டி நிற்பார். அண்ணன் துவைத்த துணியும் கொஞ்சம் குழம்பும் ஒரு பையில் போட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார். அக்கா வந்து எடுத்துக்கொண்டு திரும்ப அந்தப் பக்கம் போய் நிற்பார். அங்கிருந்தே பேசுவார். மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத் தின்றது, விழுந்தது, மாமா திட்டியது எல்லாவற்றையும் கத்திச் சொல்லுவாள். "தூக்கு அத்த" என்று கையை நீட்டுவாள். "கையி அழுக்கா கீது கண்ணு. நாளைக்குத் தூக்குறேன்" என்பார் அக்கா. எப்போதும் நாளைக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டில் இருந்தேன். பையை மாட்டும்போது அண்ணன் கேட்டைச் சரியாகத் தாழிடவில்லையா, அல்லது பிள்ளை அதற்குள் தாழ்ப்பாளை எடுக்கக் கற்றுவிட்டாளா, தெரியாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகள் கேட்டைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கி, "அத்த!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். சாலையில் வண்டி எதுவும் இல்லை. அக்கா பின்னால் நகர்ந்தார். கம்பத்தில் இடித்துக்கொண்டு மறுபடி நகர்ந்தார். "வராத! வராத! போ அந்தாண்ட!" என்று கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. மகள் அப்படியே நடுச்சாலையில் நின்றுவிட்டாள். அக்கா பையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். அந்த வயசில், அந்த உடம்போடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை ஓடினார். பாத்திரம் உருண்டு குழம்பெல்லாம் மண்ணில் கொட்டியது.

நான் போய் மகளைத் தூக்கினேன். அவள் அழக்கூட இல்லை. வீட்டுக்குள் வந்து வெகுநேரம் கழித்து, "அத்த என்னிய அடிக்க வந்துது" என்றாள். இல்லை என்று நானும் சொன்னேன், அண்ணனும் சொன்னார். கிருமி, காய்ச்சல் என்று அவளுக்குப் புரியும் வார்த்தைகளைத் தேடிச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

அதன்பின் அக்கா வந்தால் மகள் வீட்டுக்குள் போய்விடுவாள். அண்ணன் கூப்பிட்டால் கட்டிலுக்குக் கீழே நுழைந்துகொள்வாள். கொஞ்ச நாளில் அக்கா கம்பத்தருகே வருவதை நிறுத்திவிட்டு, இன்னும் தள்ளி, மூடிக்கிடந்த டைலர் கடை ஓரத்தில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வாசல் தெரியும். வாசலில் விளையாடும் பிள்ளைக்கு அந்த இடம் தெரியாது. வேலையிலிருந்து வரும்போது அவரை அங்கே பார்த்திருக்கிறேன். நான் வண்டியை நிறுத்தினால், போ போ என்று கையைக் காட்டுவார்.

ஒரு மாதம் என்றது இரண்டு மாதமாகியும் முடியவில்லை. வார்டு நிரம்பிக்கொண்டே இருந்தது. ஒரு காலையில் மகளை விடப் போனபோது அண்ணன் வாசற்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நெருங்கியதும் எழுந்து உள்ளே நகர்ந்தார்.

"இன்னிக்கி அனுப்பாதம்மா. அவளுக்கு வந்துடுச்சாம்."

போனை ஸ்பீக்கரில் போட்டார். அக்காவின் குரல் இருமலுக்கு நடுவே வந்தது. "நான் தொடச்ச கட்டில்லயே என்னிய படுக்க வெச்சிட்டாங்க. நல்லா தொடச்சிருக்கேன்னு இப்பதான் தெரியுது." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "பாப்பா நல்லா கீதா? காய்ச்சல் கீய்ச்சல் இல்லியே?"

மதியம் நகராட்சி ஆட்கள் பிளீச்சிங் பவுடரோடும் தகரத்தோடும் வந்துவிட்டார்கள். அக்காவின் அடையாள அட்டையில் இருந்த முகவரி எங்கள் வீட்டு முகவரி. அண்ணன் கேட்டுக்கு உள்ளே நின்றபடி சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "அவ இங்க வந்து ரெண்டு மாசமாச்சிங்க. இந்த வாசல்ல காலு வெக்கலிங்க. தெருவுல நின்னுதாங்க பேசிட்டுப் போவா."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. அட்ரஸ் இதான கீது?"

நோய் வந்த வீடு என்று சுவரில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். மாடி, கீழே என்று எல்லோரையும் உள்ளே இருக்கச் சொன்னார்கள். எங்கள் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப்போனார்கள். ஒருவருக்கும் எதுவும் இல்லை என்று வந்தது. அக்கா அவ்வளவு கவனமாகத் தள்ளி நின்றிருக்கிறார். ஆனாலும் தகரத்தை உடனே எடுக்கவில்லை. கணவர் அன்று மலையில் இருந்தார். உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால் லாரியிலேயே தங்கினார். நானும் மகளும் வீட்டுக்குள் இருந்தோம். அந்த வருடம் முழுதும் வேலை நாளில் நான் அவளோடு இருந்தது அப்போதுதான்.

அண்ணன் அந்தப் பக்கம் தனியாக இருந்தார். முதல் நாள் சத்தமே இல்லை. சமைத்தாரா என்றும் தெரியவில்லை. மறுநாள் மகள் சுவரைத் தட்டி, "மாமா, பஸ் போவலியா?" என்று கேட்டாள். மறுபடி தட்டினாள். கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கத்திலிருந்து கரகரத்த குரல் வந்தது. "சங்கராபுரம்." இவள், "எறங்க மாட்டேன்" என்றாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரல் உடைவது எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்குத் தெரியவில்லை. திருவண்ணாமலை வரை கேட்டுக்கேட்டு அவரை ஓட்டவைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தது.

அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆக்சிஜன் வைத்தார்கள். அப்புறம் தெளிந்தார். தகரத்தைப் பிரித்த பிறகு ஒரு பகலில் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். தெருவே சன்னல் வழியாகப் பார்த்தது. பாதி உடம்பாகியிருந்தார். கேட்டைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்கும்முன் ஒரு நொடி நின்று மாடியைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "வெந்நி வெச்சி குடுக்கச் சொல்லு" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மகள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். அக்கா அவளைக் கூப்பிடவில்லை. கையைக் கூட நீட்டவில்லை. "நல்லா வளந்துடுச்சி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அதற்குப் பிறகும் பல நாள் அப்படியேதான். மகள் மாமா வீட்டுக்குப் போவாள், அத்தை இருக்கும் பக்கம் மட்டும் போகமாட்டாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு கீரை எதையாவது ஆய்ந்துகொண்டிருப்பார். பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதைக்கூடத் தவிர்ப்பார். கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று நான் ஒரு முறை சொன்னேன். "பயந்த கொழந்தைய இழுக்கக் கூடாது. அதுவா வரும். வரலன்னாலும் பரவால்ல, நல்லா இருந்தா போதும்" என்றார்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கீழே விழுந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டருகிலேயே நின்றுவிட்டேன்.

"அத்த."

"ம்."

"திட்டுவியா?"

அக்காவின் கை நின்றது. "இல்ல கண்ணு. உன்ன நான் எப்பவும் திட்டலியே."

"அன்னிக்கி திட்டுன."

"அன்னிக்கி அத்த உடம்பு சரியில்லாதவங்க இருக்குற எடத்துலேர்ந்து வந்தேன். நீ தொட்டா உனக்கும் வந்துடும்னு பயந்துட்டேன். பயத்துல கத்திட்டேன்."

மகள் யோசித்தாள். பிறகு பொறுக்கிய இலைகளைக் கொண்டுபோய் அக்கா மடியில் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். அக்கா தூக்கவில்லை. அவள் தலைமுடியை மட்டும் ஒதுக்கி, அந்தக் கோணல் குடுமியை அவிழ்த்து, விரலாலேயே சீவிப் பின்ன ஆரம்பித்தார். நான் உள்ளே போகாமல் வண்டியைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பரில் பஸ்கள் ஓடத் தொடங்கின. அண்ணனுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சட்டையைத் துவைத்துத் தேய்த்து மாட்டினாலும் கிளம்ப மனசில்லாமல் வாசலில் நின்றார். "பால்வாடி எப்பம்மா தொறப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். கடைகள் திறந்தன, பஸ் ஓடியது, கல்யாணங்கள் நடந்தன. பால்வாடி மட்டும் மூடியே இருந்தது. டீச்சர் மாதத்தில் சில நாள் முட்டையும் மாவும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அவரிடம் கேட்டால், "எங்களுக்கே தெரியலம்மா" என்பார்.

அக்கா உடம்பு தேறி மறுபடி வேலைக்குப் போனார். மூன்று வேளை மாறி மாறி வரும் வேலை. அவர் வீட்டில் இருக்கும் பொழுதும் நான் போகும் பொழுதும் சில நாள் ஒத்துவரும், பல நாள் ஒத்துவராது. அண்ணனின் ஓய்வு நாள், கணவர் லாரி எடுக்காத நாள் என்று ஒட்டுப்போட்டு ஓட்டினேன். ஒரு கட்டத்துக்கு மேல் ஒட்டுப்போடத் துணி இல்லை. அடுத்த வருடம் தொடக்கத்தில், அதிகாரி இன்னொரு முறை கூப்பிடுவதற்கு முன்னால், நானே போய் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "உன் எடத்துக்கு ஆளு கெடைக்கிறது கஷ்டம்" என்றார். அடுத்த வாரமே ஆள் கிடைத்தது.

யாரையும் குறை சொல்ல எனக்கு இதில் ஒன்றும் இல்லை. கணவரின் லாரி நின்றால் மலையில் அடுப்பு எரியாது. அவர் சம்பளமும் என்னுடையதைவிட அதிகம். நிற்க வேண்டியது என் வேலைதான் என்று வீட்டில் யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, பேசாமலே முடிவாகிவிட்டது. காலையில் கேன் வேன் போகும் சத்தம் கேட்டால் வெகுநாள்வரை கை எதையோ தேடும்.

பால்வாடியை முழுதாகத் திறந்தபோது மகளுக்கு ஐந்து வயதுக்கு மேல். அந்த ஜூனில் நேரே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அவள் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பப் போகவே இல்லை. அதற்கு முன்பே அக்காவும் அண்ணனும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்த ஒட்டுத்தாளைச் சுரண்டியும் போகாமல் சுவரில் கொஞ்சம் மிச்சமிருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே போக முடியவில்லை என்று அக்கா ஒருமுறை சொன்னார்.

இப்போது மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் அத்தை வீட்டில் போய் இருப்பாள். போன முறை கொண்டுபோய் விட்டபோது, அக்கா காப்பி போட்டுக்கொண்டே என்னிடம் பழைய கதையைப் பேசினார். மண்டபத்தில் நாற்பது பேருக்கு ஒரு குளியலறை இருந்ததை, டைலர் கடை ஓரத்தில் நின்றதை. மகள் கவனிக்காமல் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு அதெல்லாம் நெனப்பு கீதா?" என்று அக்கா கேட்டார்.

"எது அத்த?"

"ஒண்ணுமில்ல. காப்பிக்கு சக்கர ஜாஸ்தியா போடவா?" என்றார் அக்கா.